மில்டனை யாரிடம் கொடுப்பது

1983இல் இங்கிலாந்தின் சஃபோக் கண்காட்சியில் போட்டியிட வந்திருந்த கரோலின் பிராட்லி அங்கேயே சரிந்து விழுந்து இறந்துபோனார். வயது 37. தடைதாண்டும் குதிரைப் போட்டிகளில் அன்றைய பிரிட்டனின் முதல் வரிசைச் சவாரிக்காரர்களில் ஒருவர் அவர். 1978இல் ஆகெனில் உலகப் பட்டத்தையும், அடுத்த ஆண்டு ராட்டர்டாமில் ஐரோப்பியப் பட்டத்தையும் வென்ற பிரிட்டிஷ் அணிகளில் இருந்தவர். அவர் போனபின் லாயத்தில் ஆறு வயதுக் குதிரை ஒன்று நின்றது. வெள்ளை நிறம், பெயர் மில்டன். அதன் தகப்பன் மாரியஸ், கரோலினே ஏறிப் போட்டிகளில் வென்ற குதிரை. மில்டனைக் குட்டியாக இருக்கும்போதே வாங்கிவந்து வளர்த்திருந்தார்.

மகளை இழந்த டாம், டோரீன் பிராட்லி இருவருக்கும் இந்தக் குதிரையை என்ன செய்வது என்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. விற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் விற்கவில்லை. மகளின் நினைவாகப் புல்வெளியில் சும்மா நிறுத்திவைக்கவும் இல்லை. வேறொருவரின் கையில் ஒப்படைத்து, அது என்னவாகக் கூடுமோ அதுவாக ஆகட்டும் என்று விட்டார்கள். முதலில் ஸ்டீவன் ஹாட்லி சிறிது காலம் ஓட்டினார். பிறகு 1985இல் யார்க்‌ஷயர் பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் விட்டேக்கரிடம் மில்டன் போய்ச் சேர்ந்தது. சவாரி விட்டேக்கருடையது, உரிமை பிராட்லி குடும்பத்தினுடையது. இந்த ஏற்பாடு கடைசிவரை மாறவில்லை.

விளையாட்டு வரலாற்றில் வெற்றி பெற்றவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கொடுத்தவர்களைப் பற்றி அவ்வளவாக இல்லை. எனக்கோ அந்தப் பெற்றோரின் முடிவுதான் விட்டேக்கரின் தாண்டல்களைவிடப் பெரியதாகத் தெரிகிறது. அது எதை வைத்து எடுக்கப்படுகிற முடிவு என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதே முடிவைச் சிறிய அளவில், யார் கண்ணிலும் படாமல், பிரிட்டனின் கிராமங்களில் எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே குதிரையை இரவல் கொடுப்பது சாதாரண வழக்கம். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறாள். அம்மா மறுபடி கருவுற்றிருக்கிறாள். வளர்த்தவருக்கு முழங்கால் தேய்ந்து ஏற முடியவில்லை. வீட்டில் நான்கு வயதோ ஐந்து வயதோ ஆன ஒரு குதிரை வளர்ந்து நிற்கிறது. நல்ல எலும்பு, நல்ல நடை, கூர்மையான புத்தி. விற்க மனமில்லை, ஓட்ட ஆளில்லை. அப்போது இரவலுக்கு ஆள் தேடுகிறார்கள். வாங்கிக்கொள்பவர் விலை எதுவும் தருவதில்லை. தீவனம், லாய வாடகை, ஆறேழு வாரத்துக்கொருமுறை லாடம் அடிப்பவரின் கூலி, தடுப்பூசி, பல் பார்ப்பவர், காப்பீடு ஆகிய செலவுகளை ஏற்றுக்கொள்கிறார். பதிலுக்குச் சவாரி கிடைக்கிறது. ஒருவரே முழுக்க எடுத்துக்கொள்வதும் உண்டு. குதிரை சொந்த லாயத்திலேயே நிற்க, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் இன்னொருவர் வந்து ஓட்டிவிட்டுப் போவதும் உண்டு.

வயதான, பழகிய குதிரையென்றால் இதில் பெரிய சிக்கல் இல்லை. அதற்கு எல்லாம் தெரியும். ஏறுபவர் தடுமாறினாலும் அது சமாளித்துக்கொள்ளும். இளங்குதிரை அப்படியல்ல. மூன்று நான்கு வயதில் முதல்முறை முதுகில் மனிதரை ஏற்றுக்கொண்ட ஒரு விலங்கின் உடம்பு அப்போது இன்னும் கட்டி முடிந்திருக்காது. கால் எலும்புகளின் வளர்ச்சி முனைகள் முன்னதாகவே மூடிக்கொள்கின்றன. முதுகெலும்பில் அது முடிய ஐந்தரை, ஆறு வயதாகிவிடும். நாம் உட்கார்வதோ அந்த முதுகில்தான். பால்பற்கள் இரண்டரை வயதில் விழத் தொடங்கி ஐந்து வயதுவரை மாறிக்கொண்டிருக்கின்றன. ஈறு வலிக்கும் அந்த வாயில்தான் கடிவாளக் கம்பி போகிறது. இயல்பாகவே குதிரையின் எடையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய அறுபது சதவீதம், முன்னங்கால்களில் இருக்கிறது. மேலே ஒருவர் ஏறியதும் முன்பாரம் இன்னும் கூடுகிறது. அந்தப் பாரத்தைப் பின்னங்கால்களுக்கு மாற்றி, முதுகை உயர்த்தி, திருப்பத்தில் சாயாமல் போக அது புதிதாகக் கற்க வேண்டும். அதற்கான தசைகள் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உருவாகின்றன. பார்வைக்கு வளர்ந்துவிட்ட குதிரையாகத்தான் இருக்கும். அந்தத் தோற்றத்தை நம்பி வேலை வாங்கியதால் எட்டு ஒன்பது வயதிலேயே கால் கெட்டுப்போன குதிரைகள் எல்லா ஊர்களிலும் உண்டு.

ஆகவே இளங்குதிரையை இரவல் கொடுப்பவர் உண்மையில் கொடுப்பது இன்னும் உருவாகாத ஆண்டுகளை. இரவல் வாங்கியவர் அதைத் திருப்பித் தரும்போது அதே குதிரையைத் தருவதில்லை. இடைப்பட்ட காலத்தில் தன் கை அதற்குள் எழுதியதையும் சேர்த்தே தருகிறார்.

கை எழுதுவது என்பதை இங்கே நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். குதிரைக்குக் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் அழுத்தமும் அழுத்தத்தை விடுவதும். கெண்டைக்காலால் விலாவை லேசாக அழுத்துகிறோம். அது ஓர் அடி முன்னால் வைக்கிறது. அந்தக் கணத்திலேயே காலைத் தளர்த்திவிட வேண்டும். அது கற்றுக்கொள்வது அழுத்தத்திலிருந்து இல்லை, அழுத்தம் நின்ற கணத்திலிருந்து. தான் எதைச் செய்துகொண்டிருந்தபோது தொல்லை நின்றதோ அதுதான் தன்னிடம் கேட்கப்பட்டது என்று அது முடிவு செய்கிறது. தளர்த்துவது ஒரு நொடி பிந்தினால் பதில் மங்கிப்போகிறது. தளர்த்தாமலே இருந்தால், தான் செய்தது சரி என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. சில காலம் ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும்: தலையை உதறும், பக்கவாட்டில் நகரும், பின்வாங்கும், முன்னங்கால் தூக்கும். பிறகு முயல்வதை விட்டுவிடும். விலாவில் உதைத்தாலும் அசையாத மந்தக் குதிரை என்றும், வாய் மரத்துப்போன குதிரை என்றும் பெயர் வாங்கியவற்றில் பல இப்படி ஆனவை. குழந்தைக்கு நீச்சல் பழக்கும் தகப்பன் வயிற்றுக்கடியில் வைத்திருக்கும் கையை எப்போது எடுக்கிறான் என்பதில்தான் அவன் திறமை இருக்கிறது. இதுவும் அப்படித்தான்.

இதனால்தான் நல்ல சவாரிக்காரர் என்பதும் இளங்குதிரைக்கு ஏற்ற சவாரிக்காரர் என்பதும் ஒன்றாவதில்லை. தேர்ந்த குதிரையின் மேல் அழகாக உட்காரத் தெரிந்தவர்கள் அநேகர். அந்த அழகில் பாதி அந்தக் குதிரையுடையது. இளங்குதிரையின் மேல் அழகுக்கு இடமில்லை. அது திடீரென நிற்கும், ஒரு பிளாஸ்டிக் பையைக் கண்டு மூன்றடி பக்கவாட்டில் தாவும். நேற்றுக் கற்றதை இன்று மறந்ததுபோல் நிற்கும். அப்போது மேலே இருப்பவரின் கை இறுகாமல், மனம் அவமானப்படாமல் இருக்க வேண்டும். அவமானம் என்ற சொல்லை வேண்டுமென்றே சொல்கிறேன். குதிரைகள் வாங்கும் அடிகளில் பெரும்பகுதி கோபத்தால் விழுவதாக எனக்குத் தோன்றவில்லை. பார்ப்பவர் முன் தோற்றுப்போன கூச்சத்தால் விழுகின்றன.

அப்படியானால் ஒருவரை எதை வைத்து மதிப்பிடுவது? பரிசுக் கோப்பைகளைக் கேட்பதைவிட, இதற்கு முன் அவரிடம் இருந்த குதிரை இப்போது எங்கே, எப்படி இருக்கிறது என்று கேட்பது மேல். பதில் தெளிவாக வந்தால் நம்பலாம். எல்லாக் குறையும் அந்தக் குதிரைமேலே போடப்பட்டால் அடுத்த குறை நம் குதிரைமேல் போடப்படும். ஏறுவதற்கு முன்னால் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். லாயத்துக்குள் நேராகப் போய்க் கழுத்தைத் தட்டுகிறாரா, வாசலில் நின்று அது தலையைத் திருப்பி மோந்து பார்க்கட்டும் என்று காத்திருக்கிறாரா? சேணம் முதுகில் எங்கே உட்கார்கிறது என்று விரலை விட்டுப் பார்க்கிறாரா? எல்லாவற்றையும்விட, எப்போது இறங்குகிறார் என்று பார்க்க வேண்டும். குதிரை ஒன்றைச் சரியாகச் செய்ததும், இன்றைக்குப் போதும் என்று கடிவாளத்தைத் தளர்த்தி இறங்கிவிடுகிறவர் எனக்குப் பிடித்தவர். அதே நல்ல திருப்பத்தை இன்னும் ஐந்து முறை கேட்டு, ஆறாவதில் களைத்துத் தடுமாற வைப்பவரிடம் எவ்வளவு கலை இருந்தாலும் இளங்குதிரையைக் கொடுக்கக் கூடாது. கற்கத் தொடங்கியவரும் கூடாது. குதிரைக்கும் தெரியாமல் ஏறுபவருக்கும் தெரியாமல் போனால் இருவருமே பயப்படுவார்கள். பயந்த குதிரை ஓடும், பயந்த மனிதர் இழுத்துப் பிடிப்பார்.

கார்ல் ஹெஸ்டர் இந்தத் தேர்வை வேறு விதமாகச் செய்தவர். டிரெஸ்ஸாஜ் என்னும் நடைக்கலையில் பிரிட்டனின் மூத்த ஆள். 2002இல் நெதர்லாந்தில் பிறந்த வலெக்ரோ என்ற குட்டியை அதன் இரண்டரை வயதில் பார்த்து வாங்கினார். 2007இல் அவர் லாயத்துக்கு ஷார்லட் டுஜார்டின் என்ற இளம்பெண் வந்து சேர்ந்தார். பெரிய பெயர் இல்லை, உயர்மட்டப் போட்டி அனுபவமும் இல்லை. வலெக்ரோவைப் பழக்கும் பொறுப்பை ஹெஸ்டர் அவரிடம் விட்டார். குதிரை கிராண்ட் ப்ரீ எனப்படும் உச்சநிலைக்கு வந்ததும் தானே ஏறிக்கொள்வது அவருடைய எண்ணம். அதாவது அதுவும் ஓர் இரவல்தான், திரும்பப் பெறும் நாளும் மனத்தில் குறிக்கப்பட்டிருந்தது. குதிரை அந்த நிலைக்கு வந்தது. அவர் திரும்பப் பெறவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில், கிரீனிச் பூங்காவில் டுஜார்டினும் வலெக்ரோவும் தனிநபர் தங்கம் வென்றார்கள். அணித் தங்கம் வென்றபோது அதே அணியில் உத்தோப்பியா என்ற வேறொரு குதிரையின் மேல் ஹெஸ்டர் இருந்தார். 2014 டிசம்பர் வரையிலான இரண்டரை ஆண்டுகளில் அந்த இணை உலகச் சாதனைகளை அடுத்தடுத்து முறியடித்தது. ரியோ ஒலிம்பிக்கில் மறுபடியும் தனிநபர் தங்கம். 2016 டிசம்பரில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் வலெக்ரோ ஓய்வு பெற்றது.

தன் உழைப்பின் உச்சியில் இருக்கும் ஒரு கலைஞர், தனக்கென்று வளர்த்த கருவி இன்னொருவர் கையில்தான் நன்றாக ஒலிக்கிறது என்று ஒப்புக்கொண்டு ஒதுங்குவது எளிதில்லை. ஹெஸ்டர் அதைச் செய்தார். இந்தக் கதையில் நான் அதிகம் மதிப்பது அதைத்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்னால் ஒரு காணொளி வெளிவந்தது. சில ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பயிற்சியில், வேறொருவர் ஏறியிருந்த குதிரையின் கால்களில் டுஜார்டின் சவுக்கால் திரும்பத் திரும்ப அடிப்பது அதில் இருந்தது. அவர் வருத்தம் தெரிவித்துப் போட்டியிலிருந்து விலகினார். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அவருக்கு ஓராண்டுத் தடையும் அபராதமும் விதித்தது. இதைச் சொல்லாமல் வலெக்ரோவின் கதையை மட்டும் இனிப்பாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வலெக்ரோவின் மேல் அவருடைய கை எவ்வளவு மென்மையாக இருந்தது என்பதை உலகமே பார்த்தது. அதே கை இன்னொரு நாள், இன்னொரு குதிரையிடம், இன்னொரு நெருக்கடியில் இப்படி ஆனது. ஒருவரை ஒரு நாள் சோதித்து, நல்லவர் என்று முத்திரை குத்தி, குதிரையை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. சரியான ஆளைக் கண்டுபிடிப்பது தேடலின் முதல் பாதிதான். மறு பாதி, கொடுத்த பிறகு போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பது.

இந்த மறு பாதியை நன்றாக அறிந்தவர்கள் குதிரை நல அமைப்புகள். வெட்டுக்காக உயிருடன் ஏற்றுமதி செய்யப்பட்ட குதிரைகளைக் காக்க 1927இல் ஏடா கோல் தொடங்கிய அமைப்பு இன்று வேர்ல்ட் ஹார்ஸ் வெல்ஃபேர் என்ற பெயரில் இயங்குகிறது. பட்டினியிலிருந்தும் கைவிடலிலிருந்தும் மீட்ட குதிரைகளைத் தேற்றி, அவற்றில் சவாரிக்குத் தேறும் இளங்குதிரைகளையும் வெளியே கொடுக்கிறார்கள். விற்பதில்லை, இரவலாகவே கொடுக்கிறார்கள். குதிரையின் ஆயுள் முழுவதும் உரிமை அமைப்பிடமே இருக்கும். கொடுப்பதற்கு முன் இடத்தைப் பார்க்கிறார்கள், கொடுத்த பின்னும் ஆள் போய்ப் பார்க்கிறார். சூழ்நிலை மாறினால் குதிரை திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது. தனி உரிமையாளர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு. நட்பின் பேரில் வாய்ப்பேச்சாகக் கொடுத்துவிட்டு, குதிரை எங்கே போனது என்று தேடியலைகிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் ஒவ்வொரு குதிரைக்கும் கடவுச்சீட்டு கட்டாயம். குதிரை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதுவும் இருக்க வேண்டும். ஆனால் அது அடையாளச் சான்று மட்டுமே, உரிமைப் பத்திரம் அல்ல. இரவல் வாங்கிய குதிரையைக் கடவுச்சீட்டோடு விற்றுவிட்டுப் போகும் மோசடிக்கு இந்த இடைவெளி போதும்.

பிராட்லி தம்பதியர் கொடுத்துவிட்டு மறந்தவர்களல்ல. விட்டேக்கரோடு மில்டன் 1987இல் ஐரோப்பியத் தனிநபர் வெள்ளி வென்றது, 1989இல் தங்கம். 1990இல் டார்ட்மண்டிலும் 1991இல் கோதன்பர்கிலும் உலகக் கோப்பை. பந்தய ஓட்டத்துக்கு வெளியே பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் பரிசுப் பணம் ஈட்டிய முதல் குதிரை அது. இவ்வளவுக்கும் நடுவில் 1988இல் சோல் ஒலிம்பிக் வந்தது. மில்டன் போகவில்லை. உரிமையாளர்கள் இசையவில்லை. நாடே எதிர்பார்த்த ஒரு பதக்கத்தைவிட அவர்களுடைய மறுப்பே மேலாக நின்றது. அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டு, குதிரையைத் திருப்பித் தராமலும் உறவை முறிக்காமலும் விட்டேக்கர் தொடர்ந்தார். நல்ல இரவலுக்கு இருவரும் வேண்டும்: வேண்டாம் என்று சொல்லத் தயங்காத உரிமையாளரும், அதைக் கேட்டுக்கொள்ளும் சவாரிக்காரரும்.

1990இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகப் போட்டியின் இறுதிச் சுற்றை நினைத்துப் பார்க்கிறேன். அந்நாளைய விதிப்படி கடைசி நால்வரும் குதிரைகளை மாற்றிக்கொண்டு, நான்கு குதிரைகளிலும் ஏறித் தாண்ட வேண்டும். அன்று மில்டனின் மேல் விட்டேக்கரைத் தவிர மூன்று பிரெஞ்சுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். முன்பின் அறியாதவர்கள், சில நிமிட அறிமுகம் மட்டும். பட்டம் எரிக் நாவேக்குப் போனது; விட்டேக்கருக்கு வெள்ளி. என்னைப் பொறுத்தவரை ஒரு குதிரையின் கல்விக்கு அதைவிடக் கடுமையான தேர்வு இல்லை. ஒருவருடைய பழக்கத்துக்கு மட்டும் பதில் சொல்லும் குதிரை அங்கே சிதறிப்போகும். யார் நியாயமாகக் கேட்டாலும் பதில் சொல்லும்படி வளர்க்கப்பட்ட குதிரைதான் அதைத் தாங்கும். இரவல் கொடுக்கும் ஒவ்வொருவரும் விரும்ப வேண்டியது அப்படியொரு குதிரையைத்தான். ஒரு நாள் இந்த இரவலும் முடியும். குதிரை இன்னொரு கைக்குப் போகும். கேட்பவர் மாறினாலும் கேள்வி அதற்குப் புரிய வேண்டும். கரோலின் தொடங்கிவைத்ததை விட்டேக்கர் அழிக்காமல், அதன்மேலேயே கட்டினார் என்பதற்கு அந்த நாள் சாட்சி.

வளரும் குதிரையை யாரிடமாவது ஒப்படைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதாமல் கொடுக்காதீர்கள். உடன்பிறந்தவளாக இருந்தாலும் எழுதிக் கொடுங்கள். எங்கே நிற்கும், யார் ஏறலாம், யார் ஏறக் கூடாது, கால் நொண்டினால் மருத்துவச் செலவு யாருடையது, எத்தனை வாரம் முன்னால் சொல்லித் திரும்பப் பெறலாம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முதல் சில வாரங்களைச் சோதனைக் காலமாக வையுங்கள். எந்த வயதுக்குமுன் எந்த உயரத்தைத் தாண்ட வைக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள். இன்னொரு வரியையும் சேருங்கள்: உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து குதிரையைப் பார்க்கலாம், சவாரியையும் பார்க்கலாம். இந்த வரியைப் படித்துவிட்டு முகம் சுளிப்பவர் எவ்வளவு பெரிய சவாரிக்காரராக இருந்தாலும், உங்கள் குதிரையைத் திரும்ப வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள்.